படபடப்பு மாத்திரை

அந்தச் சேர்ல உக்காராத தாயி, ஏசி நேரா மண்டையில இறங்கும். இங்கன வா. பையக் கீழ வெக்காத, மடியில வெச்சுக்கோ. ஆங், அப்படி. காப்பியா? எனக்கு வேண்டாம். அவுக உள்ள பச்சத்தண்ணி பல்லுல படாம கெடக்காக, நான் இங்க உக்காந்து காப்பி குடிச்சா நல்லாவா இருக்கும்? நீ குடி. ஆறிப்போகும்.

எங்க வீட்டுக்காரருக்குத்தான். ஏழு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போனாக, இப்ப மணி பதினொண்ணு. பார்க்கின்சன். நாங்க கோவில்பட்டி. அவுக டெலிபோன் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையரானவுக. மூளைக்குள்ள ஒரு கம்பி, நெஞ்சுல ஒரு பெட்டி, அதுல இருந்து கரண்டு குடுத்து நடுக்கத்த அடக்குறது. உங்கப்பாவுக்கும் அதேதானா? அடுத்த வாரமா? அப்ப நீ கேக்க வேண்டியதுதான். நல்ல வேள எம் பக்கத்துல வந்து உக்காந்த.

எங்களுக்கு இது ரெண்டாந்தடவ. மூஞ்சி ஏன் அப்படிச் செத்துப்போச்சு? எல்லாருக்கும் ரெண்டு தடவ கெடையாது. எங்களுக்குத்தான் அப்படி ஆச்சு. ஆச்சுன்னு என்ன ஆச்சு, நான்தான் ஆக்குனேன். நான் பண்ணுன வேல.

கொலையா பண்ணிட்டேன்? மாத்திரை குடுத்தேன், அவ்வளவுதான். பொண்டாட்டி புருசனுக்கு மாத்திரை குடுக்கிறது உலகத்துல இல்லாததா?

போன ஆடியில மொதத் தடவ இங்க வந்தோம். ஆபரேசனுக்கு மொத நாளே பார்க்கின்சன் மாத்திரைய நிப்பாட்டிருவாக, உங்களுக்கும் சொல்லியிருப்பாகளே. நடுக்கம் முழுசா வெளிய வந்தாத்தான் டாக்டருக்கு வேல நடக்கும். நிப்பாட்டுனாக பாரு, ஏ யப்பா! கட்டில் கடகட கடகடன்னு ஆடுது. மாவு மில்லுக்குள்ள படுத்திருக்கிற மாதிரி. பக்கத்துக் கட்டில்காரக எந்திரிச்சு உக்காந்து பாக்காக. எனக்கு அவமானமா இருந்துச்சு. அவுகளுக்கு ஒண்ணும் இல்ல. “ஆடட்டும் வல்லி, ஆடுனாத்தான் ஃபால்ட்டு எங்கன்னு தெரியும். நல்லா இருக்கிற நேரத்துல போய்ப் பாத்தா லைன்மேன் என்னத்தக் கண்டுபிடிப்பான்?” அப்படின்னாக. எம் பேரு செண்பகவல்லி, அவுகளுக்கு வல்லி.

அவுக சொன்னத நான் என்னைக்குக் கேட்டேன், அன்னைக்குக் கேக்க?

எங்கிட்ட ஒரு மாத்திரை உண்டு. எனக்கு எழுதிக்குடுத்தது. மகள் சுபாஷினி பிரசவத்தப்போ எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சுன்னு எங்க ஊரு டாக்டரு குடுத்தாரு. எங்க வீட்டுல அதுக்குப் பேரு படபடப்பு மாத்திரை. பொட்டு அளவுதான் இருக்கும். ஒண்ணப் போட்டா மனசு அப்படியே அலம்பி விட்ட மாதிரி அடங்கிரும். விடியக்காலம் அஞ்சு மணிக்கு, ரெண்டு எடுத்தேன். ஒண்ணு இந்த ஆட்டத்துக்குப் பத்தாதுன்னு ரெண்டு. தண்ணி குடுக்கக் கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லியிருந்தாக, அதனால தண்ணி குடுக்கல. நாக்குக்கு அடியில வெச்சேன். ஆஸ்பத்திரியில சொன்னதக் கேக்காத ஆளு நான் கெடையாது தாயி, அந்தப் பழக்கம் எங்கிட்ட கெடையாது.

“என்னது வல்லி?”ன்னாக. “நர்ஸ் குடுக்கச் சொல்லுச்சு, வாயத் தெற”ன்னேன். தெறந்தாக. சின்னப்பிள்ள கணக்கா.

அவுக பயந்துபோயிருந்தாக, அதான் குடுத்தேன். பாவமா இருந்துச்சு. ராத்திரி பூரா நான் ஒரு பொட்டு கண்ண மூடல... இல்ல, அதுக்காக இல்ல. அவுக பயந்தாக. அரைமணி நேரத்துல கட்டில் நின்னுபோச்சு. நானும் முக்கா மணி நேரம் நல்லாத் தூங்குனேன்.

காலையில நர்ஸ் ஒண்ணு நோட்டு வெச்சுக்கிட்டு வந்து கேட்டுச்சு. சுகர் இருக்கா, பிரசர் இருக்கா, “தூக்க மாத்திரை ஏதும் எடுத்துக்கிறாரா?” இல்லன்னேன். சத்தியமாச் சொல்றேன், அப்ப நான் பொய் சொல்லல. எங்க பக்கத்துல தூக்க மாத்திரைன்னா நெசமா எதச் சொல்லுவாகன்னு உனக்குத் தெரியும்ல? கடன்காரன் வீட்டு வாசல்ல நின்னான், காதலிச்ச பய ஏமாத்திட்டான், அப்படின்னு சாகுறதுக்கு முழுங்குறது தூக்க மாத்திரை. “அவ தூக்க மாத்திரையத் தின்னுட்டா”ம்பாக, ஊரே ஆஸ்பத்திரிக்கு ஓடும். எங்கிட்ட இருந்தது படபடப்பு மாத்திரை. அதுவும் இதுவும் ஒண்ணுன்னு எனக்கு எப்படித் தோணும்? அந்த மொத ‘இல்ல’வுக்கு எம் மேல குத்தம் கெடையாது. சாமி கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்.

ரெண்டாவது ‘இல்ல’ இருக்குல்ல. அதுக்குத்தான் நான் தூங்காம கெடக்கேன்.

உள்ள என்ன நடக்கும்னு உனக்குச் சொன்னாகளா? தலையில ஒரு இரும்பு வளையத்த மாட்டுவாக. தோலு மரத்துப்போக ஊசி போட்டு, மண்டையில சின்னதா ஒரு ஓட்ட. அதுக்குள்ள தலைமுடி கனத்துக்கு ஒரு ஊசி எறங்கும். ஆளு முழிச்சிருக்கணும். வலிக்காது, மூளைக்கு வலின்னா என்னன்னே தெரியாதாம். அந்த ஊசி நுனியில மூளை போடுற சத்தம் ஒரு ஸ்பீக்கர்ல வெளிய கேக்கும். கரகரகரன்னு. சரியான எடத்துக்கு வந்தா அந்தச் சத்தம் வலுக்குமாம், தகரக் கூரையில மழ பிடிச்ச மாதிரி. அத வெச்சுத்தான் எடத்த முடிவு பண்ணுறது. இதக் கேட்டதுல இருந்து அவுகளுக்கு ஒரே குஷி. முப்பத்தோரு வருசம் போஸ்ட்டு மேல தொத்திக்கிட்டு, காதுல போன வெச்சு ஊரான் லைன் எல்லாம் கேட்டவுகல்ல. “எல்லாரு லைனையும் கேட்டுட்டேன், இப்ப என் லைன நானே கேக்கப்போறேன்”ன்னு வாட்ச்மேன் வரைக்கும் சொன்னாக.

கேட்டாக. என்ன கேட்டுச்சு? ஒண்ணுமில்ல. குழாயில தண்ணி நின்னபெறகு சொட்டுச் சொட்டா விழுமே, அப்படியாம். ஆடணும்னு டாக்டரு காத்துக்கிட்டிருந்த கை அது பாட்டுக்குக் கம்முனு கெடக்கு. மாசம் பேரெல்லாம் வரிசையாச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்காரு. சித்திரை, வைகாசின்னு ஆரம்பிச்சு ஆவணியோட கண்ணு சொருகிருச்சு. “ஐயா, தூங்காதீங்க, தூங்காதீங்க”ன்னு தட்டுதாக. அப்ப அவுக சொல்லியிருக்காக, “நர்ஸ் சொன்னாங்கன்னு ரெண்டு மாத்திரை குடுத்தாங்க சார், அதான் சொக்குது”ன்னு.

உண்மையத்தான் சொன்னாக. அந்த நெலமையிலயும் கரெக்டா ரெண்டுன்னு சொல்லியிருக்காக. நோட்டப் பாத்தா அப்படி ஒண்ணும் எழுதல. ஊசி உள்ள நிக்கிது, நடுவுல மயக்க டாக்டரம்மா வெளிய ஓடி வாராக. இதே எடம்தான். நான் அந்த ஓரச் சேர்ல உக்காந்திருக்கேன். எம் பக்கத்துல என் நாத்தனா பிச்சம்மா.

பிச்சம்மாவப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. நீ கட்டிக்கொடுத்த பிள்ளதானே? அப்ப உனக்கே தெரியும். அவ அண்ணனுக்கு நான் போடுற சோத்துல உப்பு கூடவா கம்மியான்னு முப்பத்தி நாலு வருசமா நாக்கு நீட்டிக்கிட்டு நிக்கிற பொம்பள.

டாக்டரம்மா கேட்டாக, “உங்க வீட்டுக்காரர் காலையில யாரோ மாத்திரை குடுத்ததா சொல்றாரு. சார்ட்ல இல்ல. நீங்க தூக்க மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா?”

பிச்சம்மா அப்படியே தலையத் திருப்பி என்னப் பாக்கா. எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுபோச்சு தாயி. நான் குடுத்ததுக்கு இன்னொரு பேரு தூக்க மாத்திரைன்னு அந்த நிமிசம் வெளங்கிருச்சு. ஆமான்னு சொன்னா என்ன ஆகும்? பொழுது அடையறதுக்குள்ள கோவில்பட்டி முழுக்கப் போகும், எங்க அண்ணனுக்கு அவ தூக்க மாத்திரை குடுத்துட்டான்னு. ரெண்டுங்கிறது இருபதாயிரும். என் மக மாமியா வீட்டுல என்ன நெனப்பாக?

“இல்ல டாக்டர்”ன்னேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். இந்த வாயி நிக்கல. “அவுகளுக்குக் கொஞ்ச நாளா நெனப்புத் தடுமாறுதும்மா. நடக்காதத நடந்ததும்பாக”ன்னேன்.

அத யாரு கேட்டா? டாக்டரம்மா கேக்கல. பிச்சம்மா கேக்கல. எங்க இருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அவுகளுக்கு ஒரு தடுமாட்டமும் கெடையாது. முப்பது வருசத்துக்கு முந்தி எந்தத் தெருவுல எத்தனாவது போஸ்ட்டுல யாரு லைன் போச்சுன்னு கேளு, இன்னைக்கும் சொல்லுவாக. அப்படிப்பட்ட மனுசனப் பைத்தியக்காரரா ஆக்கிட்டேன், மூடுன கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு. பிச்சம்மா “ஐயோ அண்ணே”ன்னு முந்தானைய வாயில வெச்சு அழுதா. நானும் கூடச் சேந்து அழுதேன். வெக்கங்கெட்டவ.

சத்தம் சரியாக் கெடைக்காம, ஸ்கேன் படத்த மட்டும் நம்பி கம்பிய வெச்சாக. கை நடுக்கம் பாதி நின்னுச்சு. பொய் சொல்லக் கூடாது, டம்ளரப் பிடிச்சுக் குடிக்காக. மீதி பாதிக்குக் கரண்டக் கூட்டுனா நாக்கு தடிச்சுப்போகுது. பேச்சு கொழகொழன்னு, வாயில சோத்த வெச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி. கொறச்சா கை ஆடுது, கூட்டுனா பேச்சு போகுது. கம்பி ஒரு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி நிக்கிதாம். ரெண்டு மில்லிமீட்டர்னா எவ்வளவு? ஒரு எள்ளு. அவ்வளவுதான்.

டாக்டரு நல்ல மனுசன். ஒளிக்காம அவுககிட்டயே சொன்னாரு. “சிக்னல் ரொம்ப வீக்கா இருந்துச்சுங்க ஐயா. உங்களுக்கு யாரும் மாத்திரை குடுக்கல, உங்க வீட்டம்மாகிட்டயும் கேட்டுட்டோம்”னாரு. அவுக என்னத் திரும்பிப் பாத்தாக. நான் போர்வைய மடிச்சுக்கிட்டிருந்தேன். மடிச்சதையே மறுபடி பிரிச்சு மடிச்சேன்.

அன்னைக்கு ராத்திரி சொல்றாக, “வல்லி, என் லைன் டெட்டு.” நான் சும்மா பேச்சுக்குச் சொல்றாகன்னு நெனச்சேன். இல்ல. அவுக சொந்தக் காதால கேட்டதாச்சே. சொட்டுச் சொட்டாத்தான் கேட்டுச்சு, அவுகளே கேட்டாக. அடுத்தவன் சொன்னா நம்பமாட்டாக. லைன் டெட்டா இல்லையான்னு காதுல வெச்சுச் சொல்றதுதானே அவுக தொழிலு. அதுக்கு மேல, குடுக்காத மாத்திரையக் குடுத்ததாச் சொன்ன ஆளுன்னு வேற ஆகிப்போச்சு.

அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல? சொல்லு, நீ திட்டு. காறித் துப்பு. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு எட்டு மாசம் ஓடிப்போச்சு.

பென்சன்காரக சங்கத்துல அவுகதான் செகரட்டரி. ஒருத்தருக்குப் பென்சன் நின்னுபோச்சுன்னா மனு எழுதி வாங்கிக்குடுக்காம விடமாட்டாக. அந்த ஃபைல எடுத்து எங்கிட்ட குடுத்து, “லைன் செத்தவனுக்கு எதுக்கு இந்த வேல? தப்பா எழுதிட்டா எவனாச்சும் பாதிக்கப்படுவான்”னாக. நானே தூக்கிட்டுப் போய் ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தேன். என்ன சமைக்கட்டும்னு கேட்டா, “உன் இஷ்டம்.” மக ஊருக்கு என்னைக்குப் போகணும்னு கேட்டா, “உன் இஷ்டம்.” கல்யாணம் ஆன நாள்ல இருந்து கத்திரிக்காய்க்குக் கூட எங்கூட மல்லுக்கு நின்ன ஆளு. இந்த ஒரு வார்த்த அவுக வாயில இருந்து வராதான்னு எத்தன நாள் ஏங்கியிருக்கேன்! வந்துச்சு. உப்பில்லாத சோறு மாதிரி இருந்துச்சு.

ஒரு நாள் தல ஈரமா சொட்டச் சொட்ட வந்து நிக்காக. இடுப்புல துண்டு. “வல்லி, நான் குளிச்சுட்டேனா?”

நான் சொன்னேன், “குளிச்சுட்டீக.” அவ்வளவுதான் சொன்னேன். அடுப்படிக்குள்ள போய்ச் சுவத்துல முட்டிக்கிட்டு அழுதேன். அழுதா ஆச்சா? போய் உண்மையச் சொல்லணும்ல. அதுக்குத் தைரியம் வரல.

போன மாசம் இங்க செக்கப். டாக்டரு படத்தக் காட்டி, கம்பிய மறுபடி சரியான எடத்துல வெக்கலாம், பேச்சு திரும்ப வாய்ப்பு இருக்குன்னாரு. இவுக முடியாதுன்னு தலைய ஆட்டிட்டாக. “செத்த லைன்ல எத்தன தடவ சார் ஜாயிண்ட் போடுவீக? காசுக்கும் கேடு, உங்களுக்கும் கெட்ட பேரு.” நான் கெஞ்சினேன். கழுகுமலைக்குக் காவடி எடுக்கிறேன்னேன். மகள் மேல சத்தியம் வெச்சேன். கோவத்துல, “இப்படியே கொழகொழன்னு பேசிக்கிட்டுச் சாவுங்க”ன்னு கூடச் சொல்லிட்டேன். அசையல. டாக்டரப் பாத்து மெதுவாச் சொன்னாக, “சார், எனக்கு இல்லாததெல்லாம் இருக்கிற மாதிரித் தோணுது. அன்னைக்குக் கூட மாத்திரை குடுத்தாகன்னு சொன்னேன்ல. இந்த மூளைய நம்பி நீங்க ஏன் கையக் கெடுத்துக்கிறீக?”

அதுக்கு மேல எப்படித் தாயி வாய மூடிக்கிட்டு இருக்க?

“நான்தான் குடுத்தேன்”ன்னேன்.

டாக்டரு மூக்குக்கண்ணாடியக் கழட்டுனாரு. என்ன மாத்திரைன்னாரு. பர்ஸுல இருந்து அட்டைய எடுத்துக் குடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் படிச்சாரு. பெறகு, “ஏம்மா, இது மூளையோட அந்தச் சத்தத்தையே அமுக்கிரும். நடுக்கத்தையும் அமுக்கிரும். நாங்க தேடுறதே அந்த ரெண்டத்தான். சொல்லியிருந்தா அன்னைக்கே நிப்பாட்டிட்டு வேற நாள் வெச்சிருப்போமே”ன்னாரு. கத்தல. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது பழக்கம்.

இவுக அப்படியே உக்காந்திருக்காக. சட்டப் பட்டனப் பாத்துக்கிட்டு. மெதுவாக் கேட்டாக, அந்தக் கொழகொழப் பேச்சுல, “அப்ப நான் சொன்னது நெசந்தானா?”

“நெசந்தான்.”

“குடுத்தியா?”

“குடுத்தேன்.”

“எத்தன?”

“ரெண்டு.”

“ரெண்டுன்னுதானே நானும் சொன்னேன்”னாக. டாக்டரப் பாத்து, “சார், ரெண்டுன்னுதானே சொன்னேன்?” டாக்டரு, “ஆமாய்யா, கரெக்டாச் சொன்னீங்க”ன்னாரு. அவ்வளவுதான், கண்ணுல பொலபொலன்னு கொட்டுது. ஒரு வார்த்த என்னத் திட்டல. ஓங்கி ஒண்ணு வெச்சிருந்தாகன்னா எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கியிருக்கும். பஸ்ஸுல வாரப்போ பக்கத்து சீட்டுக்காரருகிட்டச் சொல்றாக, “என் மூளைக்கு ஒண்ணுமில்ல சார், இவ மாத்திரை குடுத்துட்டா.” சிரிச்சுக்கிட்டே! பிச்சம்மாவுக்கும் போனப் போட்டுச் சொல்லிட்டாக. அவ எதிர்பாத்தபடியே ஊரெல்லாம் சொல்லிட்டா. சொல்லட்டும். எதுக்குப் பயந்தேனோ அது வந்துச்சு, வந்து நாலு நாள்ல போயிருச்சு. இதுக்கா எட்டு மாசம்?

ஆபரேசனுக்குச் சரின்னுட்டாக. சரின்னு சொன்னதும் எல்லாம் பழையபடி ஆயிருச்சுன்னு நெனச்சேன். ஆகல. ஒண்ணு மட்டும் போகமாட்டேங்குது. யாரு என்ன கேட்டாலும் மொதல்ல எம் மூஞ்சியப் பாக்காக. பசிக்கான்னு மக கேட்டா, என்னப் பாத்துட்டுத்தான் ஆமாங்காக. இன்னைக்குக் காலையில கையில பட்டை கட்டுறதுக்கு நர்ஸ் கேட்டுச்சு, “ஐயா, உங்க பேரு சொல்லுங்க.” என்னப் பாக்காக தாயி. பேருக்கு! நான் தலைய ஆட்டுனபெறகு, “ஆவுடையப்பன்”ங்காக.

டாக்டரக் கேக்காம உங்கப்பாவுக்கு எதுவும் குடுக்காத. குடுத்தா குடுத்தேன்னு சொல்லிரு. யாரு பக்கத்துல இருந்தாலும் சொல்லிரு. நான் பெருசா புத்தி சொல்ல வரல, எனக்கு அந்த யோக்கியதை இல்ல.

மணி என்ன? பதினொண்ணே காலா? அப்ப கம்பி உள்ள எறங்கியிருக்கும். இந்த நேரம் டாக்டரு கேட்டுக்கிட்டிருப்பாரு, ஐயா இப்ப கை லேசா இருக்கா, இப்ப, நாக்கு இழுக்குதா, இந்தப் பக்கம் நல்லா இருக்கா அந்தப் பக்கமான்னு. ஸ்கேன் பாதி, அவுக வாயால சொல்றது பாதின்னு டாக்டரே சொல்லியிருக்காரு. சுத்தி நிக்கிறவுக எல்லாம் மூஞ்சிய மூடிக்கிட்டு நிப்பாக. நான் இங்க உக்காந்திருக்கேன். அவுக யாரப் பாத்துத் தாயி பதில் சொல்லுவாக?